இரு முனையிலும்

நகரப் பேருந்துகளைக் கவனிக்கும் அந்த அலுவலகத்தில் தமிழில் எந்தக் காகிதம் வந்தாலும் அது மேசை மேசையாகத் தாண்டி ரக்ஷனாவிடம் வந்து நிற்கும். அவள் படித்தது போக்குவரத்துத் திட்டமிடல். வேலைக்கு எடுத்ததும் அதற்குத்தான். ஆனால் பெயரைப் பார்த்தால் போதுமே, "தமிழ்தானே, நீங்களே ஒரு பார்வை பாத்திருங்க" என்று தள்ளிவிட்டு அவரவர் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். சீன வாசகம் என்றால் அரை டஜன் பேர் கூடி நின்று சண்டை போடுவார்கள். மலாய்க்கும் ஆள் உண்டு. தமிழுக்கு ரக்ஷனா ஒருத்திதான். அவளுடைய மேலதிகாரி திலீப்பும் தமிழர்தான், ஆனால் பள்ளியில் மலாய் எடுத்தவர். வீட்டில் பேசுவதோடு சரி, எழுத்து ஓடாது.

ரக்ஷனாவுக்கு மட்டும் ஓடியதா என்றால், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். உயர்நிலைப் பள்ளித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, அன்றோடு தமிழ்ப் புத்தகத்தை மூடி வைத்தவள் அவள். அதற்குப் பிறகு அவள் வாசித்த தமிழ் எல்லாம் கல்யாணப் பத்திரிகையும் உணவகப் பலகையும்தான். "எனக்கு அவ்வளவா வராது" என்று ஒரு முறை சொல்லியிருந்தால் யாரும் அவளைக் கடித்துத் தின்றிருக்க மாட்டார்கள். சொல்ல நாக்கு எழவில்லை. தமிழ்ப்பெண் தமிழ் தெரியாது என்று சொல்வதா என்ற வீம்பு. அந்த வீம்போடு ஆண்டுக்கணக்கில் தமிழ் அறிவிப்புகளுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

நகரத்துப் பேருந்துகளை எல்லாம் மின்சாரத்துக்கு மாற்றுவது என்று முடிவாகிவிட்ட காலம் இது. முடிவெடுப்பது சுலபம். எந்தத் தடத்துக்கு முதலில், எந்த முறைக்கு எவ்வளவு பணம் என்று கேட்டால் அப்போதுதான் ஆளாளுக்குத் தொண்டையைச் செருமுவார்கள். பெரிய பேட்டரி போட்ட பஸ்களை வாங்கி ராத்திரி முழுக்கப் பணிமனையில் நிறுத்தி சார்ஜ் செய்வது ஒரு முறை. அதில் பஸ்ஸின் கனமும் கூடும், பணிமனை முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை உறிஞ்சும். இன்னொரு முறை ரக்ஷனாவுடையது. பேட்டரியைச் சிறிதாக வைத்து, பஸ் போய்ச் சேரும் ஒவ்வொரு முனையத்திலும் ஓட்டுநர் கால் நீட்டி உட்காரும் நேரத்தில் சார்ஜ் செய்துகொள்வது. அதற்கு இரண்டு முனையிலும் மின்கருவிகள் அமைக்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். இந்த யோசனையை அவள் ஒரு பிள்ளையைப் போல வளர்த்திருந்தாள். கணக்குப் போட்டு, வரைபடம் போட்டு, சந்தேகப்பட்டவர்களிடமெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக விளக்கி, கடைசியில் ஒரே ஒரு தடத்தில் சோதித்துப் பார்க்க அனுமதி வாங்கினாள். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தொடங்கி சிராங்கூன் சாலை நெடுகப் போய் செங்காங்கில் முடியும் தடம். பாதி பஸ்கள் புதியவை, பாதி பழைய டீசல்.

பஸ்கள் நன்றாகவே ஓடின. பழுதில்லை, தாமதமில்லை. ஆனால் பயண அட்டைகளின் கணக்கு வந்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. லிட்டில் இந்தியாப் பக்கத்து நிறுத்தங்களில் முதியவர்கள் புதிய பஸ்ஸில் ஏறவே இல்லை. டீசல் பஸ் வந்தால் ஏறுகிறார்கள், மின்சார பஸ் வந்தால் விட்டுவிடுகிறார்கள். மற்ற நிறுத்தங்களில் இந்தச் சிக்கல் இல்லை. சத்தமில்லாத வண்டி என்றால் பயம் என்றார் ஒருவர். படி உயரமோ என்று அளந்து பார்த்தார் இன்னொருவர். "வயசானவங்களுக்குப் புதுசுன்னா ஒத்துக்காதுலா" என்று முடித்துவிட்டார் திலீப்.

பணம் ஒதுக்கும் குழு அந்த வியாழக்கிழமை கூடுவதாக இருந்தது. பெரியவர்கள் ஏற மறுக்கும் பஸ்ஸுக்கு எதற்குப் பணம் என்று குழுவில் ஏற்கெனவே முணுமுணுப்பு. பணம் சாங்கிப் பக்கம் கட்டப்போகும் பெரிய பணிமனைக்குப் போய்விடும், சிராங்கூன் சாலைக்கு இன்னும் பல காலம் பழைய டீசல் புகைதான் என்று பேச்சு அடிபட்டது. அப்படி நடந்தால் ரக்ஷனாவின் திட்டம் அத்தோடு முடிந்தது. அவள் திங்கட்கிழமை காலையிலேயே கிளம்பி, கணக்கில் எண்ணாகத் தெரிந்த மனிதர்களை நேரில் பார்த்துவிடலாம் என்று சிராங்கூன் சாலைக்கு வந்தாள்.

பெட்டியும் பையும் விற்கும் ஜமால் முகம்மதுவின் கடைக்கு எதிரில் அந்த நிறுத்தம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நிழற்குடையின் கீழ் நாலைந்து பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் நூல் புடவை கட்டிய ஓர் அம்மா, மடியில் துணிப்பை, அதற்குள் சோற்றுப் பாத்திரம். பெயர் பூவம்மா என்று பிறகு தெரிந்தது. பக்கவாட்டில் பிளக் படம் ஒட்டிய மின்சார பஸ் ஓசையில்லாமல் வந்து நின்றது. கதவு திறந்தது, குளிர்க்காற்று வெளியே வந்தது. ஓட்டுநர் ஏறச் சொல்லிக் கையை அசைத்தார். பூவம்மா தலையை ஆட்டி மறுத்தாள். மற்றவர்களும் அசையவில்லை. கதவு மூடிக்கொண்டு பஸ் போய்விட்டது.

ரக்ஷனா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, இந்த பஸ்தானே செங்காங் போகுது? ஏன் ஏறல?"

"அது பிளக்கு பஸ்ஸும்மா. பழசு வரும், அதுல போவேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் ஆன்ட்டி. இது இன்னும் நல்லா இருக்கும், ஏர்கான் கூட சூப்பரா இருக்கும்."

"ஏர்கான் இருந்தா ஆச்சா? ரெண்டு தடவ காசு எடுக்கிறானே."

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? தமிழ்லயே போட்டிருக்கே, பாக்கல?" பூவம்மா எழுந்து போய் நிறுத்தத்தின் கம்பத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினாள். நான்கு மொழியிலும் இருந்தது. தமிழ் கடைசியில். சொல்லுக்குச் சொல் விரலை நகர்த்திப் பள்ளிப் பிள்ளையைப் போல உரக்கப் படித்தாள்: "இச்சேவையின் புதிய மின்சாரப் பேருந்துகளுக்கு இரு முனைகளிலும் கட்டணம் விதிக்கப்படும்."

ரக்ஷனா எழுந்து வந்து பார்த்தாள். இந்த வாக்கியம் அவளுக்குத் தெரியும். ரயிலில் நின்றுகொண்டே கைப்பேசியில் பார்த்து, 'இரு முனைகளிலும்' என்ற சொல் கம்பீரமாக இருக்கிறதே என்று நினைத்து, கட்டைவிரலால் 'ஓகே லா' என்று பதில் போட்டவள் அவள்தான். ஆங்கிலத்தில் சார்ஜ் என்று இருந்தது. மின்சாரம் ஏற்றுவதும் சார்ஜ், காசு வாங்குவதும் சார்ஜ். மொழிபெயர்த்த மனிதரோ இயந்திரமோ காசைப் பிடித்துக்கொண்டுவிட்டது. பள்ளிக்கூடத்துத் தமிழை வைத்துக்கொண்டு ரக்ஷனா அதைப் படித்தபோது அவள் மனம் ஆங்கிலத்தைத்தான் படித்திருக்கிறது. எதிரே இருந்த தமிழைப் படிக்கவே இல்லை.

"ஏறும்போது ஒண்ணு, இறங்கும்போது ஒண்ணு. அதான் ரெண்டு முனைன்னு போட்டிருக்கான்" என்று விளக்கினாள் பூவம்மா. கார்டை ஏறும்போதும் தட்டி இறங்கும்போதும் தட்டுகிற ஊரில் வேறு எப்படித்தான் புரிந்துகொள்வது? உட்கார்ந்திருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தேக்கா முழுக்க இதே பேச்சுதான் என்றார்கள்.

பூவம்மா சாங்கி விமான நிலையத்தில் துப்புரவு வேலை பார்த்து, முழங்கால் போனதும் நின்றுவிட்டவள். கணவர் மருதப்பன் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து செங்காங்கில் நோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் ஒரு தாதிமை இல்லத்தில் கிடக்கிறார். மதியச் சோற்றுக்கு அவள் தினமும் போக வேண்டும்.

"என் கையால குடுத்தாத்தான் சாப்பிடுவாரு. அந்த நர்ஸு புள்ளைங்க குடுத்தா வாய இறுக்க மூடிக்குவாரு, சின்னப் புள்ள மாதிரி. ரயில்ல போனா அந்த ஓடுற படிக்கட்டுல எனக்கு கால் வைக்க பயம். எறங்கி இன்னொரு பஸ் வேற புடிக்கணும். இந்த பஸ்ஸுன்னா வாசல்லயே விட்டுருவான். முன்னாடியெல்லாம் டாண்ணு போயிருவேன். இப்ப பழைய பஸ் கொறஞ்சு போச்சா, போய்ச் சேர்றதுக்குள்ள சாப்பாட்டு ட்ரேய எடுத்துட்டுப் போயிடுறாங்க. அவங்கள சொல்லிக் குத்தமில்ல, எத்தன பேரத்தான் பாப்பாங்க. ஆறிப்போனத நான் குடுத்தா ரெண்டு வாயோட திரும்பிக்கிறாரு. மெலிஞ்சு போயிட்டாரும்மா."

"ஆன்ட்டி, ஒரே காசுதான். எப்பவும் எடுக்கிறதுதான். என்னை நம்புங்க."

பூவம்மா சிரித்தாள். "நீ நல்ல புள்ள. ஆனா ஒன் தமிழே தத்தித் தத்தித்தான் வருது. பெரிய ஆபீசுல படிச்சவங்க ஒக்காந்து நமக்காகத் தமிழ்ல எழுதி ஒட்டியிருக்காங்க. அதுல தப்பாவா போடுவாங்க?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'அது தப்பு ஆன்ட்டி, அதைப் பாத்து அனுப்பினது நான்தான்.' இதைச் சொல்லியிருந்தால் அந்த அம்மா அடுத்த பிளக்கு பஸ்ஸில் ஏறியிருப்பாள். ரக்ஷனா வாயைத் திறந்தாள். வீம்பு போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் அத்தனை பெரியவர்கள். "நான் விசாரிச்சுச் சொல்றேன் ஆன்ட்டி" என்றுதான் வந்தது. அதற்குள் பழைய பஸ் உறுமிக்கொண்டு வந்துவிட்டது. பூவம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். ஜன்னல் வழியாகக் கையும் அசைத்தாள்.

அலுவலகத்துக்குத் திரும்பிய ரக்ஷனா நேராகத் திலீப்பின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இப்ப போய் எல்லா ஸ்டாப்புலயும் நோட்டீஸக் கிழிச்சா ஏன்னு கேப்பாங்கலா. சோதனையே செல்லாதுன்னு பேனல்ல ஒருத்தன் எழுந்து சொன்னா போதும், பணம் போச்சு. வியாழக்கிழமை முடியட்டும். வெள்ளிக்கிழமை அமைதியா மாத்திடலாம். யாருக்கும் தெரியாது."

"அதுவரைக்கும் அவங்க நிக்கணுமே திலீப்."

"இத்தன நாள் நின்னாங்க. இன்னும் நாலு நாள். ரக்ஷனா, அந்தத் தமிழுக்கு சைன் ஆஃப் பண்ணது நீ. உன் பேர் அதுல இருக்கு. நான் உனக்காகத்தான் சொல்றேன். பேப்பர்ல, முதியோர் புதுசுக்குப் பழக கொஞ்ச நாள் ஆகும்னு எழுது. அவகாசம் கேப்போம். அதுல பொய் ஒண்ணும் இல்லையே?"

திலீப்பைத் திட்டி ஒரு பயனும் இல்லை. அவர் கெட்டவரும் இல்லை. அந்தப் பணத்துக்காக அவரும் எத்தனையோ பேரிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். அவர் சொன்னதற்குத் தலையாட்டியது ரக்ஷனா. நோட்டீஸ் இருந்துவிட்டுப் போகட்டும், அந்த அம்மாவிடமாவது நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தாள். மறுநாள் குழுவுக்கான அறிக்கையில் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும் அதில்தான் உட்கார்ந்தாள். 'முதியோரிடையே காணப்படும் தொடக்கநிலைத் தயக்கம்' என்று ஒரு பத்தியை எழுதி எழுதி மெருகேற்றினாள். அவள் நினைத்திருந்தால் மதிய இடைவேளையில் ஒரு நடை போய் வந்திருக்கலாம். போகவில்லை. வேலை அதிகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது வெறும் சாக்கு.

வியாழக்கிழமை காலை, குழுவுக்குப் போகும் வழியில் மனம் கேட்காமல் சிராங்கூன் சாலையில் இறங்கினாள். நிறுத்தத்தில் பூவம்மா இல்லை. முன்னால் போயிருப்பாள் என்று நினைத்துத் திரும்பியவளை ஜமால் முகம்மது கடைக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"பூவம்மா அக்காவத் தேடுறியாம்மா? அன்னிக்கு நீ பேசிட்டிருந்தத பாத்தேன். நேத்து அவங்க வீட்டுக்காரரு தவறிட்டாரு."

ரக்ஷனா கடைக்குள் வந்தாள்.

"இதோ இங்கதான் உக்காந்திருந்தாங்க. வந்ததெல்லாம் பிளக்கு பஸ்ஸு. ஒண்ணு மேல ஒண்ணா வருது, இவங்க ஏறல. பழசு எங்கயோ ஜாம்ல மாட்டிக்கிச்சு போல. அப்பத்தான் போன் வந்துச்சு. முடிஞ்சிருச்சுன்னு சொல்றாங்க. காலையிலேர்ந்து வாசலயே பாத்துட்டு இருந்தாராம் மனுசன். நான்தான் டாக்ஸி புடிச்சு ஏத்தி விட்டேன். ‘காசப் பாத்துட்டேனே பாய், காசப் பாத்து நின்னுட்டேனே’ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டுப் போனாங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போயிருந்தேன், அப்பவும் வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் அதையேதான் சொல்லிட்டிருந்தாங்க." அவர் எதிரில் இருந்த கம்பத்தைக் காட்டினார். "எங்க வீட்லயும் பழைய பஸ்லதான் போறாங்க. நோட்டீஸ நானும் படிச்சேனே."

குழு கூடியிருந்த அறையில் ஏர்கான் உறைய வைத்தது. நீள மேசை, தண்ணீர்ப் புட்டிகள், திரையில் அவளுடைய வரைபடம். பஸ்களின் கணக்கையும் மின்சாரத்தின் கணக்கையும் அவள் பிசகில்லாமல் சொல்லி முடித்தாள். முதியோரின் தயக்கம் பற்றிய பக்கம் வந்தது. பக்கத்தில் திலீப் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். அவள் எழுதி மெருகேற்றிய பத்தி திரையில் நின்றது.

"இந்தப் பக்கம் தவறு" என்றாள். "முதியவர்கள் தயங்கவில்லை. நாம் எழுதியதைப் படித்தார்கள், படித்தபடி நடந்தார்கள். தமிழ் அறிவிப்பில் மின்சாரம் ஏற்றுவதற்குப் பதிலாகக் கட்டணம் வாங்குவதாக எழுதியிருக்கிறது. இரண்டு தடவை காசு எடுப்பார்கள் என்று நம்பி ஒதுங்கி நின்றார்கள். அந்தத் தமிழைச் சரி என்று ஒப்புக்கொண்டது நான். அது தவறு என்று திங்கட்கிழமையே எனக்குத் தெரியும். தெரிந்தும் அறிவிப்பை எடுக்கச் சொல்லவில்லை."

தலைவராக இருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அப்படியானால் பஸ்களில் குறை இல்லை?"

"இல்லை."

"முறையிலும் குறை இல்லை?"

"இல்லை."

அவ்வளவுதான். பல மாதமாக யாருக்கும் விளங்காமல் இருந்த சிக்கல் அந்த இரண்டு கேள்வியில் அவிழ்ந்துவிட்டது. அறையில் ஒரு நிம்மதிகூடப் பரவியது. "ஒரு சொல்தானா!" என்று எவரோ லேசாகச் சிரித்தார். ரக்ஷனா அவர் பக்கம் திரும்பி, அந்தச் சொல்லை நம்பி நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி தன் கணவரின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் போனதைச் சொன்னாள். சிரித்தவர் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தலைவர் அறிவிப்புகளை அன்றைக்கே எடுக்கச் சொன்னார். அவள்மீது விசாரணை வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு வாக்கெடுப்பு. திட்டத்துக்குக் கேட்ட பணம் முழுவதும் கிடைத்தது.

எத்தனை நாள் கனவு கண்ட தருணம் அது. அவளுக்கு மகிழ்ச்சி என்பது மருந்துக்கும் இல்லை.

வெளியே வந்ததும் திலீப் அவளைத் தூணோரம் நிறுத்தினார். அவருக்குக் கோபம் இருந்ததோ என்னவோ, முகத்தில் களைப்புத்தான் தெரிந்தது. "சொல்லிட்ட. பணமும் வந்திருச்சு. விசாரணையில நானும் உண்மையத்தான் சொல்வேன், என் பங்கும் இருக்கு. ஆனா ஒண்ணு கேளு. அந்தம்மா வீட்டுக்குப் போகாத. போய் சொன்னா அவங்களுக்கு என்ன நல்லது? உன் மனசு லேசாகும், அவங்க மனசு பாரமாகும். அவ்வளவுதான் நடக்கும்."

அதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு ரக்ஷனா அன்றும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. கம்பங்களில் இருந்த அறிவிப்புகள் எடுக்கப்பட்டுவிட்டன, புதியவை தயாராகின. இந்தத் தடவை அவள் நேராக ஒப்புக்கொண்டாள், தனக்குப் போதிய தமிழ் இல்லையென்று. பள்ளியில் தனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஜரீனா டீச்சரைத் தேடிப்பிடித்து, அவர் வாயால் சரியான சொல்லைக் கேட்டு எழுதினாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் நெஞ்சில் அடித்துக்கொண்டு டாக்ஸியில் போன ஒருத்தியின் குரல் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. காசப் பாத்துட்டேனே. தான் செய்த குற்றத்தை ஒரு விதவை தன்னுடையது என்று தலையில் சுமந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் ஒப்புவித்துக்கொண்டிருக்கிறாள். பாரமாகுமோ லேசாகுமோ, அந்தப் பழி அவளுடையது அல்ல. ஞாயிற்றுக்கிழமை ரக்ஷனா கிளம்பிவிட்டாள்.

தேக்காச் சந்தைக்குப் பின்னால் இருந்த அடுக்குமாடி புளோக்கில் ஓர் அறை வீடு. ஜமால் முகம்மதுதான் வழி சொன்னார். சுவரோரம் மருதப்பனின் படம், மாலை, சின்ன விளக்கு. பட்டறைத் தொப்பியோடு எடுத்த பழைய படம், மனிதர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். உறவுக்காரப் பெண் ஒருத்தி தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள். பூவம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"பஸ் ஸ்டாப்புல பாத்த புள்ளதானே? வாம்மா. விசாரிச்சு சொல்றேன்னியே." அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஞாபகம் வந்ததைச் சொன்னாள். "இனிமே எதுக்கு. நான் காசப் பாத்து நின்னுட்டேன்ம்மா. வாசலயே பாத்துட்டு இருந்தாராம். கட்டுன பொண்டாட்டி ஒரு பஸ் காசுக்குக் கணக்குப் பாத்திருக்கா, சொன்னா வெளங்குமா?"

ரக்ஷனா தரையில் உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது எல்லாம் மறந்து போயிற்று. "ஆன்ட்டி, நீங்க காசப் பாக்கல. அந்த நோட்டீஸ்ல இருந்தது தப்பு. ரெண்டு தடவ காசு எடுக்கவே இல்ல. எப்பவும் போல ஒரே காசுதான். பஸ்ஸுக்குக் கரண்ட் ஏத்துவாங்கன்னு போட வேண்டியது, காசு வாங்குவாங்கன்னு போட்டுட்டாங்க. அதைப் பாத்து சரின்னு அனுப்பினது நான். நான் அந்த ஆபீஸ்லதான் வேலை பாக்கிறேன்."

பூவம்மா அவளையே பார்த்தாள். தெருவில் எவனோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு தடவ எடுக்கலயா?"

"இல்ல ஆன்ட்டி."

"அப்ப நான் ஏறியிருக்கலாம்."

ஆமாம் என்று தலையாட்டினாள் ரக்ஷனா.

"அன்னிக்கு எம் பக்கத்துல ஒக்காந்தியே, அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்லத் தைரியம் வரல." அழக்கூடாது என்று வந்தவள் அழுதுவிட்டாள். தன் கண்ணீரைக் காட்டி அந்த வீட்டில் இரக்கம் தேடுவது போலாகிவிட்டதே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திட்டுவாள், எழுந்து போ என்பாள் என்று காத்திருந்தாள். பூவம்மா எழுந்து படத்துக்கு முன்னால் இருந்த விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு, வேறு யாரைப் பற்றியோ கேட்பது போலக் கேட்டாள்.

"சரி, அங்க என்னதான் எழுதியிருக்கணும்?"

"மின்னூட்டம்னு எழுதியிருக்கணும் ஆன்ட்டி. இரு முனையிலும் மின்னூட்டம் செய்யப்படும்னு."

"மின்... ஊட்டம்." பூவம்மா அதை மெதுவாகப் பிரித்துச் சொல்லிப் பார்த்தாள். "ஊட்டம்னா? சோறு ஊட்டுறோமே, அந்த ஊட்டுறதா?"

"அதேதான் ஆன்ட்டி. பஸ்ஸுக்குக் கரண்ட ஊட்டுறது."

பூவம்மாவுக்கு இத்தனை நேரம் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"அப்படிப் போட்டிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமேம்மா" என்றாள். "நான் அதுக்குத்தானே போய்க்கிட்டிருந்தேன்."